ஜன்னல் சுமை தாங்க வேண்டாம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. தாமதத்துக்குக் காரணம் உண்டு. ஜன்னல் ஏசியை எப்படி மாட்டுவது என்று நீ கேட்டிருந்தாய், அதே கேள்வியோடுதான் நானும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். முடிவு தெரிந்தபின் எழுதலாம் என்று காத்திருந்தேன். முந்தாநாள் வேலை முடிந்தது. நேற்று ராத்திரி அம்மா ஒருமுறைகூட எழுந்திருக்காமல் தூங்கினார். அதை உன்னிடம்தான் முதலில் சொல்லத் தோன்றியது.

உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் அம்மாவிடம் இரண்டு தடவை சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். உன் முழங்கால் வலி பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிட்டாயே, அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது.

சரி, ஜன்னலுக்கு வருகிறேன். அம்மா அறையின் ஜன்னலை நீ பார்த்திருக்கிறாய். மேலே அரைவட்டமாக வளைந்தது, வெளிப்பக்கம் திறக்கும் இரட்டைக் கதவு, குறுக்கே கம்பிகள். அழகான ஜன்னல், ஏசிக்கு மட்டும் கொஞ்சமும் ஒத்துவராதது. முதலில் மாட்ட வந்தவர், ஜன்னலின் அடிச்சட்டத்து மேலேயே பெட்டியைத் தூக்கி வைத்து, பக்கச் சட்டத்தில் திருகு போட்டு முடித்துவிட்டார். வெளியே தாங்கி எதுவும் போடவில்லை. பாரம் சாயாமல் இருக்க, பெட்டியில் சுமார் 20 சென்டிமீட்டர் அறைக்குள் நீட்டிக்கொண்டு இருந்தது.

இரண்டு கெடுதல் வந்தது. ஒன்று, ராத்திரி முழுக்க மரச்சட்டம் கிடுகிடுவென்று அதிர்ந்தது. இன்னொன்று, உச்சி வெயிலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கம்ப்ரசர் தானாக நின்றது. காரணம் புரிய எனக்கு நாலு நாள் ஆனது. பெட்டியின் பக்கவாட்டில் வரிவரியாகத் துளைகள் இருக்கின்றன அல்லவா? அறையின் சூட்டை வெளியே விடும் பின்பக்கச் சுருளைக் குளிர்விக்க வெளிக்காற்றை அது வழியாகத்தான் இழுக்கிறது. என் சுவரின் கனம் 23 சென்டிமீட்டர். அந்தத் துளைகள் சரியாகச் சுவருக்குள் சிக்கிக்கொண்டிருந்தன. மூச்சு விட வழியில்லாமல் சூடேறி நின்றிருக்கிறது, பாவம். பெட்டியை 17 சென்டிமீட்டர் வெளியே தள்ளியதும் அந்தத் தொந்தரவு போனது.

ஆனால் வெளியே தள்ளினால் பாரத்தை யார் தாங்குவது? இதில்தான் நான் பிடிவாதமாக இருந்தேன். அந்தப் பழைய மரச்சட்டம் கதவுகளைத் தாங்கச் செய்தது. 42 கிலோ இயந்திரத்தை அதன் தலையில் ஏற்றக் கூடாது. பாரம் முழுக்கச் சுவருக்குப் போகட்டும், ஜன்னல் இடைவெளியை மட்டும் அடைத்துத் தந்தால் போதும். வெளிச்சுவரில் இரும்பு ஆங்கிளால் முக்கோணத் தாங்கி இரண்டு அடித்து, நீளமான ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கினோம். தாங்கிக்கும் பெட்டிக்கும் நடுவில் தடித்த ரப்பர் துண்டுகள். அதிர்வு அன்றோடு நின்றது. கம்பிகளில் கீழ் மூன்றை அறுக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில் பெட்டியைச் சுற்றி ஒரு இரும்புச் சட்டம் வைத்து, மிச்சக் கம்பிகளோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டோம்.

பின்பக்கம் லேசாகத் தாழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றின் ஈரம் குளிர்ந்து சேரும் தண்ணீர் அறைக்குள் வடியும். என் பெட்டியின் ஆழம் 56 சென்டிமீட்டர், அதற்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு வைத்தேன். உன்னுடையதற்குக் கையேட்டில் உள்ள அளவைப் பார். நிறையச் சாய்த்தால் நல்லது என்று நினைக்காதே. பின்பக்க விசிறியின் விளிம்பில் ஒரு வளையம் இருக்கிறது. அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை அது அள்ளி, சூடான சுருள் மேல் வாரி இறைக்கிறது. அந்தத் தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. தேவைக்கு மேல் சாய்த்தால் தண்ணீர் வளையத்துக்கு எட்டாமலே வெளியே ஓடிவிடும். உள்ளே சளசளவென்று சத்தம் கேட்டால் பயப்படாதே, அதுதான் இது.

இது புரிந்தபோது எனக்கு நம் விடுதி அறைதான் நினைவுக்கு வந்தது. ஜன்னலில் நனைத்த போர்வையைக் கட்டிவிட்டு, காய்ந்ததும் யார் எழுந்து நனைப்பது என்று சண்டை போடுவோமே! அதே வேலையைத்தான் இந்த இயந்திரம் தன் தண்ணீரைக் கொண்டே செய்துகொள்கிறது. நம் போர்வை அறையைப் புழுக்கமாக்கிவிடும். இது ஈரத்தை உள்ளிருந்து எடுத்து வெளியே விடுகிறது. அம்மாவுக்குத் தூக்கம் வந்ததற்குக் குளிர்ச்சியைவிட ஈரம் குறைந்ததுதான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் வளைவு. மொத்தத்தையும் பலகையால் அடைத்துவிடலாம் என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. காலையில் அந்த வளைவு வழியாக வரும் வெளிச்சத்தில்தான் அம்மா படிப்பார். அதனால் பெட்டியின் இரு பக்கமும் 12 மில்லிமீட்டர் பிளைவுட், விளிம்பெல்லாம் பெயின்ட் பூசி. மேலே வளைவு வரைக்கும் கண்ணாடி மாதிரி தெரியும் அக்ரிலிக் தகடு. கதவுகளைக் கீலோடு கழற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன், வேண்டும்போது திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

அளவு எடுப்பதில் அவசரப்படாதே. கீழே அகலம் 92 சென்டிமீட்டர், வளைவு தொடங்கும் இடத்தில் 90.4. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளந்தால் இரண்டுக்கும் 2 சென்டிமீட்டர் வித்தியாசம். பழைய ஜன்னல் எதுவும் நேராக இருக்காது. வளைவுக்கு டேப் உதவாது. பெரிய அட்டையை ஜன்னலில் சாய்த்து வைத்து, காம்பஸின் முள்ளைச் சுவரோடு ஒட்டி நகர்த்தினேன், பென்சில் அட்டையில் அதே வளைவை வரைந்துவிட்டது. அட்டையை வெட்டிப் பொருத்திப் பார்த்து, மூன்றாவது அட்டை சரியாக அமைந்த பிறகுதான் தகட்டில் கைவைத்தேன். அக்ரிலிக் வெயிலில் விரியும். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் விட்டு, திருகுத் துளைகளையும் கொஞ்சம் பெரிதாகப் போட வேண்டும். விட்ட இடத்தை ரப்பர் பட்டை அடைத்துக்கொள்ளும். இருட்டியதும் அறைக்குள் விளக்கைப் போட்டுவிட்டு வெளியே போய்ப் பார்த்தேன். இரண்டு இடத்தில் வெளிச்சம் கசிந்தது, அங்கே ஸ்பாஞ்ச் வைத்தேன்.

இனி உன் ஜன்னல். பக்கவாட்டில் நகரும் கண்ணாடி, திறந்தால் 40 சென்டிமீட்டர் அகலம்தான் என்கிறாய். பெட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து நுழைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டவே வேண்டாம். கம்ப்ரசரின் எண்ணெய் அதன் அடியில் இருந்தால்தான் உள்பாகங்களுக்குப் போய்ச் சேரும். படுக்க வைத்து ஓட்டினால் சீக்கிரம் போய்விடும், தண்ணீர்த் தட்டும் பயன்படாது. இப்படிப்பட்ட ஜன்னலுக்கென்றே குறுகலாக, உயரமாகச் செய்த பெட்டிகள் இருக்கின்றன. அதைத் தேடு. கிடைக்காவிட்டால் இரண்டு கண்ணாடியையும் கழற்றி முழு அகலத்தையும் எடுத்துக்கொள்.

ஏசியின் அளவைச் சொல்லும் டன் என்பது என்ன கணக்கு என்றும் கேட்டாய். பனிக்கட்டிக் காலத்துக் கணக்கு அது. 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ அதுதான் ஒரு டன், சுமார் 3.5 கிலோவாட். உன் அறை சின்னதுதானே, ஒரு டன்னுக்கு மேல் போகாதே. பெரிய பெட்டி சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும், ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் கிடைக்காது. மின்சாரத்துக்குத் தனி லைன் போடு. எக்ஸ்டென்ஷன் ஒயரில் மட்டும் ஓட்டாதே.

உன் ஜன்னலைப் படம் வரைந்து, மேல், நடு, கீழ் மூன்று இடத்து அகலத்தையும் சுவரின் கனத்தையும் எழுதி அனுப்பு. வெளிப்பக்கம் எதிரே என்ன இருக்கிறது என்றும் சொல், சூடான காற்று போக இடம் வேண்டும். முழங்காலை வைத்துக்கொண்டு நீ ஏணியில் ஏறாதே. பெட்டி வந்ததும் தகவல் சொல், நான் வருகிறேன். அட்டையும் காம்பஸும் கொண்டுவருவேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்