காலி காருக்கு எழுதிய கையேடு

கார் தயாரிப்பாளர்களுக்கும், குறிப்பாக அந்தக் காரோடு வரும் கையேட்டை எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

குடும்பத்தோடு நெடும்பயணம் கிளம்புவதற்கு முந்தின இரவு. ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்து, தரையில் மண்டியிட்டு, போன் டார்ச்சை அடித்துக்கொண்டு, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதில் இரண்டு படங்கள். முதல் படத்தில் மூன்று மனித உருவங்கள். இரண்டாவதில் ஐந்து, பக்கத்தில் ஒரு பெட்டியும். முதல் படத்துக்கு நேரே காற்றழுத்தம், psi கணக்கில்: முன் டயர் 33, பின் டயர் 33. இரண்டாவதுக்கு நேரே முன்னால் 35, பின்னால் 41.

ஆறு வருடமாக இந்தக் காரை ஓட்டுகிறேன். அந்த 41 அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

ஆறு வருடமும் என்ன செய்தேன் என்றால், காற்று பிடிக்கும் இடத்தில் "எவ்வளவு சார்?" என்று கேட்டால் "நாலுக்கும் முப்பத்து மூணு" என்றேன். தனியாக வேலைக்குப் போகும்போதும் 33. ஐந்து பேரும் ஏறி, டிக்கி மூட மறுத்து, முழங்காலால் தள்ளி மூடிய நாளிலும் 33. டேஷ்போர்டில் டயர் விளக்கு எரியவே இல்லை. எரியவில்லை என்றால் எல்லாம் சரி என்றுதானே அர்த்தம்?

இல்லை என்பதால்தான் இந்த மடல்.

அந்த மஞ்சள் விளக்கின் கணக்கு உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. 2000-இல் அமெரிக்காவில், ஓடும்போதே டயரின் மேல்பகுதி பிய்ந்து கார்கள் உருண்ட விபத்துகளுக்குப் பிறகு ட்ரெட் (TREAD) என்ற வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக 2007 செப்டம்பரிலிருந்து அங்கே எல்லாப் புதுக் கார்களிலும் டயர் அழுத்தம் கண்காணிக்கும் அமைப்பு கட்டாயமானது. ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து. அமெரிக்க விதிப்படி, ஸ்டிக்கரில் சொன்ன அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். என் காரில் எந்த இடத்தில் எரியும் என்று கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. அந்த 25 சதவீதத்தையே வைத்துக்கொள்வோம். 33-இல் கால் பங்கு போனால் ஏறத்தாழ 25. அதுவரை விளக்கு வாயைத் திறக்காது.

இப்போது அந்த இரண்டாவது படத்தைப் பாருங்கள். கார் நிறைந்திருக்கிறது, பின் டயருக்கு 41 வேண்டும், இருப்பது 33. கிளம்பும்போதே எட்டு குறைச்சல், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. ஆணி குத்தி மெல்ல இறங்கி 26-க்கு வந்தாலும் விளக்கு எரியாது. 41 இருக்க வேண்டிய இடத்தில் 26! விளக்கு பொய் சொல்லவில்லை. காலி காருக்கான உண்மையைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

காற்று குறைந்த டயரில் எடை ஏறினால் அதன் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு டயர் நொடிக்குப் பதினான்கு சுற்று சுற்றுகிறது. ஒரு கம்பியை நொடிக்குப் பதினான்கு தடவை மடக்கி நிமிர்த்தினால் என்ன ஆகும்? சூடாகும். டயரும் அப்படித்தான். ரப்பருக்கும் உள்ளே இருக்கும் எஃகு இழைப் பட்டைக்கும் நடுவே உள்ள பிடிப்பு அந்தச் சூட்டில்தான் விடுகிறது.

இன்னொன்று. என் கார் சக்கரத்துக்குள் தனி சென்சார் வைத்த வகை இல்லை. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பு எண்ணும் சக்கரச் சுற்றுகளை ஒப்பிட்டு, காற்று குறைந்து சிறுத்த டயர் கொஞ்சம் வேகமாகச் சுற்றுவதை வைத்துக் கண்டுபிடிக்கும் வகை. இதில் காற்று பிடித்தபின் திரையில் போய் "இதுதான் சரியான அளவு" என்று ஒரு தடவை சொல்லிக்கொடுக்க வேண்டும். தப்பான அளவில் வைத்து அதை அழுத்தினால், தப்பையே சரி என்று மனப்பாடம் செய்துகொள்ளும். வண்டியை டெலிவரி எடுத்த அன்று ஷோரூமில் ஒரு தம்பி நாற்பது நிமிடம் உட்கார்ந்து போனைக் காரோடு இணைப்பது, பாட்டை மாற்றுவது, திரையின் நிறத்தை மாற்றுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தார். டயரைப் பற்றிக் கேட்டதற்கு, "விளக்கு எரிஞ்சா மட்டும் கொண்டு வாங்க சார், போதும்" என்றார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவருக்கு நீங்கள் கொடுத்த பட்டியலில் அது இருந்திருக்காது.

சக்கரத்துக்குள் சென்சார் உள்ள கார் வைத்திருக்கும் நண்பருக்கு வேறு தொல்லை. அந்த சென்சாரின் பேட்டரி ஐந்து முதல் பத்து வருடம் வரும். அது தீர்ந்தால் விளக்கு ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டு அப்படியே நின்று எரியும். மினுக்கினால் அமைப்பில் கோளாறு, மினுக்காமல் எரிந்தால் காற்று குறைவு. அவர் இரண்டையும் ஒன்றாக நினைத்து, காற்று பிடித்துப் பிடித்துச் சலித்து, இப்போது அந்த விளக்கைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

சரி, எடைக்கு வருகிறேன்.

41-ஐப் பார்த்த அதிர்ச்சியில் குளியலறையில் கிடந்த எடை மெஷினைக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். வீட்டில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஐந்து பேரும் ஏறி நின்றோம்: மொத்தம் 313 கிலோ. யார் எவ்வளவு என்று இங்கே எழுதக் கூடாது என்று உத்தரவு. அப்புறம் ஒவ்வொரு பெட்டியாகக் கையில் தூக்கிக்கொண்டு நான் ஏறி நின்று, என் எடையைக் கழித்தேன். பதினோரு உருப்படிகள், 126 கிலோ. ஆக 439.

கார் எவ்வளவு தாங்கும்? கையேட்டில் "தாங்கும் எடை" என்று எங்கேயும் இல்லை. ஒரு பக்கத்தில் அதிகபட்ச மொத்த எடை 1,640 கிலோ. எழுபது பக்கம் தள்ளி காரின் சொந்த எடை 1,205. கழித்தால் 435. நான்கு கிலோ அதிகம். அது மட்டும் இல்லை: சொந்த எடை என்கிற கணக்கில் சிலர் 75 கிலோ ஓட்டுநரையும் சேர்க்கிறார்கள், சிலர் சேர்ப்பதில்லை. என் கையேட்டில் எது என்பது அடிக்குறிப்பில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் இருந்தது. சேர்க்கவில்லை. ஆக, 435 தான் கணக்கு.

இதை உங்களால் எளிதாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியும். அமெரிக்காவில் விற்கும் கார்களில், ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டவே கூடாது என்று அதே கதவுத் தூண் ஸ்டிக்கரில் ஒரே வாக்கியமாக அச்சடித்துத்தான் விற்கிறீர்கள். அங்கே சட்டம் கேட்கிறது, இங்கே கேட்கவில்லை, அதுதான் வித்தியாசம் என்றால், ஒரு வரி மைக்குக்கூட சட்டம் வர வேண்டுமா?

நான்கு கிலோதானே, கூரையில் கட்டிவிடலாம் என்றார் அப்பா. கூரையில் ஏற்றினால் எடை கணக்கில் வராது என்று நம்புகிறவர்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள் போல. கூரைக்கென்று தனி வரம்பு உண்டு, பல கார்களில் 50 முதல் 75 கிலோ வரை, அதில் கேரியரின் எடையும் அடக்கம். அதுவும் போய்ச் சேர்வது அதே 435-இல்தான். உயரத்தில் எடை ஏறினால் திருப்பத்தில் கார் சாயும் விதமே மாறும். ஒரு பெட்டியை வீட்டில் விட்டோம். யாருடைய பெட்டி என்பது தனிக் கதை.

எடை எங்கே உட்கார வேண்டும் என்பதைக் கையேட்டில் ஓரளவு சொல்லியிருக்கிறீர்கள்: கனமானது கீழே, பின் சீட்டின் முதுகை ஒட்டி. ஏன் என்று சொன்னால் இன்னும் மனதில் பதியும். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதி கார் சட்டென்று நின்றால், கட்டாத பொருள் அதே 50-இல் முன்னே வரும். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற பொருள் தரையைத் தொடும்போது இருக்கும் வேகம் அது. மூன்றாவது மாடியிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் தலையில் விழுவதை யோசித்துப் பாருங்கள். பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் பாட்டில், குடை, டேப்லெட் என்று அடுக்கி வைக்கிறோமே, அதற்கு நேர் முன்னால்தான் பிள்ளைகளின் தலை.

பின்னால் எடை ஏறினால் காரின் மூக்கு தூக்கும், ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். அதற்காகவே பல கார்களில் ஸ்டீயரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட சின்னச் சக்கரம் ஒன்று வைத்திருக்கிறீர்கள். அதை ரேடியோவுக்கானது என்று நினைத்தவரை எனக்குத் தெரியும்.

ஏர்பேக்குக்கும் சாமானுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எங்கள் காரில் நடப்பதைச் சொல்கிறேன். டிக்கி நிறைந்தால் மிச்சம் பின் சீட்டின் கால் வைக்கும் இடத்துக்குப் போகும். பின்னால் கால் நீட்ட இடம் இல்லாததால் முன் சீட் இரண்டு விரற்கடை முன்னுக்கு நகரும். அதற்கும் மிஞ்சியது முன்னால் இருப்பவர் மடிக்கு வரும். ஸ்டீயரிங்கின் நடுவுக்கும் ஓட்டுநரின் நெஞ்செலும்புக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பது எப்போதும் சொல்லப்படும் அளவு. ஏர்பேக் உப்ப ஏறக்குறைய ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு போதும். கண் இமைப்பதற்குள் உப்பி, வடியவும் தொடங்கிவிடும். அது உப்பி முடிப்பதற்கான இடம்தான் அந்த 25. அந்த இடத்தைத்தான் நாங்கள் பெட்டிக்குக் கொடுத்துவிடுகிறோம். மடியில் இருக்கும் பையை ஏர்பேக் தள்ளினால் அது போய் இடிக்கிற இடம் வயிறும் முகமும். ஜன்னலுக்கு மேலிருந்து இறங்கும் திரை ஏர்பேக் இருக்கும் காரில் கண்ணாடியை மறைக்கிற உயரத்துக்கு மூட்டை அடுக்கினாலும், கொக்கியில் ஹேங்கரோடு சட்டை மாட்டினாலும் இதே வம்புதான்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னோக்கிய குழந்தை இருக்கையை ஏர்பேக் உள்ள முன் சீட்டில் வைக்காதே என்பதை நீங்கள் சொன்ன விதம் அருமை. கண் கூசும்போது இறக்கும் அந்த மறைப்பிலேயே, பெரிய படமாக, சிவப்புக் கோடு போட்டு. மொழி தெரியாதவருக்கும் புரியும். அது சும்மா வந்துவிடவில்லை என்பதும் தெரியும். 1990 முதல் 2008 வரை அமெரிக்காவில் குறைந்த வேக விபத்துகளில் முன்பக்க ஏர்பேக் உப்பியதாலேயே 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் 1998-க்கு முன் தயாரான கார்களில். பெரும்பாலானவர்கள் பெல்ட் போடாதவர்கள், அல்லது சரியாகப் போடாதவர்கள். ஏர்பேக்கின் வேகத்தைக் குறைத்தீர்கள், படத்தை ஒட்டினீர்கள். ஆக, மனது வைத்தால் உங்களுக்குச் சொல்லத் தெரியும்.

அதே மனதோடு எடையையும் காற்றையும் சொல்லுங்கள். தாங்கும் எடையை ஒற்றை எண்ணாக, டிக்கிக் கதவின் உள்பக்கத்தில், பெட்டியைத் தூக்குகிறவன் கண்ணுக்கு நேரே ஒட்டுங்கள். விளக்கு எந்த அளவில் எரியும் என்று கையேட்டில் எழுதுங்கள். யார் பெல்ட் போடவில்லை என்று கூவிக் கூவிச் சொல்லத் தெரிந்த காருக்கு, ஐந்து பெல்ட்டும் பூட்டியிருக்கிறது என்பதும் தெரியும். அந்த நேரத்தில் திரையில் "பின் டயருக்கு 41 வேண்டும், பிடித்தாயிற்றா?" என்று ஒரு கேள்வி கேட்டால் என்ன? உங்களில் சிலர் முழுப் பாரத்துக்கு என்று தனித் தேர்வே வைத்திருக்கிறீர்கள். ஆனால் அது திரையில் நான்கு படி உள்ளே போனால்தான் கிடைக்கிறது, அங்கே யாரும் போவதில்லை.

இப்போதைக்கு ஒரு துண்டு வெள்ளை டேப்பில் மார்க்கரால் "மொத்தம் 435, பின் டயர் 41" என்று எழுதி டிக்கியின் உள்பக்கம் நானே ஒட்டிவிட்டேன். கார் அழகு போய்விட்டதாக மகளுக்கு வருத்தம்.

மறுநாள் காலையில், வண்டி சூடாகும் முன்பே, 41 பிடித்துக்கொண்டு கிளம்பினோம். நெடுஞ்சாலையில் பின்பக்கம் ஆடாமல் வந்த வித்தியாசம் எனக்கே தெரிந்தது. திரும்பி வந்து சாமான்களை இறக்கியபின் 33-க்குக் குறைக்க வேண்டும் அல்லவா, காலி காரில் அவ்வளவு காற்றோடு பின் டயர் துள்ளும். மறந்துபோய் நான்கு நாள் அப்படியே வேலைக்குப் போய்வந்தேன். காருக்கு அதுவும் தெரியவில்லை.

இப்படிக்கு,
இனி ஸ்டிக்கரைப் படிக்கும் ஒரு வாடிக்கையாளர்