வராத பார்சலும் ஓடுகிற நாட்களும்

கல்லடி, மட்டக்களப்பு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோசம். ஹொஸ்டலுக்கென்று போன் செயலியில் கடை ஒன்றுக்கு ஓடர் போட்ட சாமான் இப்படி இழுபடுவதுதான் கவலை. நீ எழுதியதைப் பார்த்தால் கடைக்காரர் "தரமாட்டோம்" என்று ஒருநாளும் சொல்லவில்லை. "48 மணித்தியாலம் பொறுங்கள்" என்றுதான் ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். ஆபத்து அதில்தான் இருக்கிறது. நீ பொறுத்துக்கொண்டிருக்க, முறைப்பாடு போடுவதற்கான நாட்கள் ஒவ்வொன்றாய் முடிந்துகொண்டு போகும்.

முதலில் இரண்டையும் பிரி. ஓடர் ஒன்றாக இருந்தாலும் பார்சல் இரண்டு, கூரியர் இலக்கமும் இரண்டு. ஒன்று கொடுத்தாயிற்று என்று காட்டினாலும் வரவே இல்லை, மற்றதில் ஒரு சாமான் குறைவு. இரண்டையும் ஒரே முறைப்பாட்டில் எழுதினால், அங்கே இருப்பவர் வந்த பார்சலைப் பார்த்து "ஒப்படைக்கப்பட்டது" என்று கோவையை மூடிவிடுவார்.

வராத பார்சலுக்கு, "எனக்குக் கிடைக்கவில்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்வதில் பலன் குறைவு. ஒப்படைத்ததற்கு ஆதாரம் கேள்: எத்தனை மணிக்கு, யாரிடம், கையெழுத்தா படமா, ரைடரின் போன் பதிந்த இடம் எது. ஓடிபி (போனுக்கு வரும் இரகசிய இலக்கம்) சொல்லி வாங்கும் முறை என்றால், அந்த இலக்கத்தை வீட்டில் யாராவது போனில் வாசித்துக் காட்டினார்களா என்றும் விசாரி. பார்சல் கைக்கு வருமுன் அதைச் சொன்னால் ஒப்படைத்ததாகவே பதிவாகும். உங்கள் பக்கம் இது நடக்க இன்னொரு காரணமும் உண்டு. பாண்டிருப்பு, நற்பிட்டிமுனை, மருதமுனை, சாய்ந்தமருது எல்லாவற்றுக்கும் ஆட்கள் ஊர்ப்பெயராகக் கல்முனை என்றே போடுகிறார்கள், பிரதான வீதியும் குறுக்குத் தெருவும் எல்லா ஊரிலும் இருக்கிறது. பொழுதுபட வீடு பிடிபடாத ரைடர் பார்சலை யாரோ ஒருவரிடம் கொடுப்பார், அல்லது கொடுக்காமலே பட்டனை அமத்துவார். பக்கத்துக் கடையிலும் கூரியர் கந்தோரிலும் ஒருநாள் விசாரி, அதுக்கு மேல் நீ தேடித் திரியாதே. காசு வாங்கியது கடை, கூரியரைப் பிடித்ததும் கடைதான்.

குறைவாய் வந்த பெட்டியை எறிந்துவிடாதே. லேபலில் நிறை போட்டிருக்கும். பெட்டியையும் உள்ளே வந்தவற்றையும் ஒரு கடைத் தராசில் வைத்து, இலக்கம் தெரியப் படம் எடு. லேபலில் உள்ள நிறையும் தராசும் ஒத்துப்போனால் கட்டும்போதே சாமான் போடவில்லை. லேபலில் நிறை கூடுதலாக இருந்தால் வழியில் குறைந்திருக்கிறது. ஆனால் பெரிய பெட்டிகளுக்குச் சில கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் பிரித்து நிறை போடுவார்கள். 40, 30, 20 அளவுப் பெட்டி வெறுமனே இருந்தாலும் 4.8 கிலோ என்று வரும். அப்படி ஒரு கணக்கா என்று பார்த்துவிட்டு வாதாடு. இனிமேல் பெட்டி உடைக்கும்போது லேபல், டேப், ஆறு பக்கம் எல்லாம் காட்டி, இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுக்கச் சொல்லு.

கோல் எடுத்துக் கதைப்பதை விடு. செயலியில் உள்ள பணமீளளிப்புப் படிவத்தை நிரப்பி, அதே விசயத்தை மின்னஞ்சலிலும் அனுப்பு. நாலு வரி போதும்: "ஓடர் இலக்கம் இது, பார்சல் இலக்கம் இது, செலுத்திய தொகை இவ்வளவு. பார்சல் கிடைக்கவில்லை. ஒப்படைத்த ஆதாரத்தை அனுப்புங்கள், இல்லையேல் இன்ன திகதிக்குள் பணத்தை வங்கி அட்டைக்கே திருப்புங்கள்." செயலியின் செட் (chat) பெட்டியில் கதைத்தது எல்லாவற்றுக்கும் திகதி தெரிய ஸ்கிரீன்ஷொட் எடு. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தின்படி, மின்வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு ஆவணம் செல்லாமல் போகாது. "கிடைத்தது" என்ற பட்டனை மட்டும் தொட்டுவிடாதே.

நீ வங்கி அட்டையில் காசு கட்டியது நல்லதாய்ப் போச்சு. கணக்குக்கு நேரே காசு போட்டிருந்தால், காசைப் பெற்றவர் சம்மதிக்காமல் வங்கி திருப்பி எடுக்காது. அட்டைக்கு வங்கியில் மறுப்புப் படிவம் (கட்டிய காசைத் திருப்பிக் கேட்பது) இருக்கிறது. விசா அட்டை விதியில், சாமான் வந்திருக்கவேண்டிய நாளிலிருந்து 120 நாள். வங்கிகள் தாங்களே அதைவிடக் குறைந்த நாள் வைத்திருக்கலாம், அதனால் இந்தக் கிழமையே போ. படிவத்தில் "சாமான் கிடைக்கவில்லை" என்பதைத் தெரிவு செய். "இது நான் செய்த கொடுப்பனவு அல்ல" என்று போட்டால் அது மோசடி முறைப்பாடு. அட்டையை நிறுத்துவார்கள், மறுகா நீதான் ஓடர் போட்டாய் என்று கடை காட்டியதும் முறைப்பாடு விழுந்துவிடும். இடையில் கடை காசு திருப்பினால் வங்கிக்கு உடனே அறிவி. வங்கி இழுத்தடித்தால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் முறையிடு, அதற்கும் அசையாவிட்டால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு எடு.

கடைக்கு எதிரான முறைப்பாடு பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு. தொலைபேசி 1977. ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் எழுத்து மூலம், வாங்கி மூன்று மாதத்துக்குள் என்று இருப்பதால் கோல் எடுத்ததோடு நிறுத்தாதே. பிழையாக வழிநடத்தும் வியாபார நடத்தை பற்றிய 30ஆம் பிரிவையும் குறிப்பிடு. முறைப்பாட்டைக் கொடுக்க அம்பாறைக் கச்சேரிக்கு நீ பஸ் ஏறத் தேவையில்லை, பதிவுத் தபாலில் போடு. மூலப் பத்திரம் உன்னிடம் இருக்கட்டும், பிரதிகளை மட்டும் வை. கம்பனியின் பதிவுப் பெயரும் விலாசமும் வேண்டும். அது பற்றுச்சீட்டிலோ செயலியின் நிபந்தனைப் பக்கத்திலோ இருக்கும், விளம்பரப் பெயரை வைத்துக் கடிதம் அனுப்ப முடியாது.

அவர்கள் வவுச்சர் தருகிறோம் என்பார்கள். அதே கடையில் திரும்ப வாங்கும் எண்ணம் இல்லையென்றால் வேண்டாம் என்று எழுத்தில் சொல். கூப்பன் போட்டு வாங்கியிருந்தால் அந்தக் கழிவின் பங்கைக் கழித்துத்தான் வரும், அது சரியான கணக்கு. காசு திருப்பித் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள் என்று யாரும் எடுத்தால் போனை வை. உன் கணக்குக்குக் காசு வர ஓடிபி தேவையே இல்லை.

மருமகன் வெளிநாட்டில் இருந்து எடுத்த சின்னப் பார்சல் வேறு கதை. அதன் இலக்கத்தில் முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டின் இரண்டு எழுத்து இருக்கும். முதல் எழுத்து யூ (U) என்றால் அது மலிவான சாதாரணத் தபால். இங்கே இறங்கியபின் இணையத்தில் ஒன்றும் காட்டாமல் போகலாம், அதை வைத்துத் தொலைந்தது என்று முடிவெடுக்காதே. ஆர் (R), ஈ (E), எல் (L) என்றால் தேடலாம். சர்வதேசத் தபால் விசாரணைக்கு ஆறு மாதம் வரை இடமுண்டு, அதை வழக்கமாக அனுப்பியவர் தன் நாட்டில்தான் தொடங்கவேண்டும். விற்ற தளத்தின் பாதுகாப்புக் காலமோ அதைவிடக் குறைவாய்த்தான் இருக்கும். அது முடிய முதல் முறைப்பாட்டைத் திறக்கச் சொல்லு. விற்பவர் "இன்னும் ஒரு மாதம்" என்றால், அந்தக் காலத்தைத் தளத்திலேயே நீட்டித் தரட்டும்.

லேபல் படத்தையும் பற்றுச்சீட்டையும் வாட்ஸ்அப்பில் போடு. அதிகாரசபைக்கான கடிதத்தை நான் எழுதி அனுப்புகிறேன், நீ கையெழுத்து வைத்தால் போதும். மகளை விடுதிக்குக் கூட்டி வரும்போது இங்கே இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
உன் மச்சான்