கோலி சோடா போட்டவர்களின் குரல் வேண்டும்: கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலக நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். 2023 ஜூலை 15 அன்று நத்தம் சாலையில் திறக்கப்பட்ட இந்நூலகத்தின் வாசகர்களில் ஒருவன் என்ற உரிமையில் இக்கோரிக்கையை வைக்கிறேன். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் சோடா கம்பெனிகளில் கை மெஷின் சுற்றியவர்கள், பாட்டில் கழுவியவர்கள், வண்டியில் கடைகடையாகச் சரக்குப் போட்டவர்கள் ஆகியோரின் நினைவுகளை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து, நூலகத்தில் நிரந்தரமாக வைக்க வேண்டும்.

இங்கிலாந்தின் ஹைரம் காட் 1870களின் தொடக்கத்தில் கோலி சோடா பாட்டிலுக்குக் காப்புரிமை பெற்றதும், நம் பக்கத்து விருதுநகரில் 1916இல் காளிமார்க் தொடங்கியதும், உத்தரப்பிரதேசத்தின் சாஸ்னியில் கோலி பாட்டில் வார்க்கப்பட்டதும் தேடினால் அச்சில் கிடைத்துவிடும். அந்தப் பாட்டிலை நாள் முழுவதும் கையில் பிடித்தவர்கள் சொல்ல வேண்டியதுதான் எங்கும் கிடைப்பதில்லை.

வேலை பார்வைக்கு எளியது. பாட்டிலைக் கூண்டில் பொருத்தித் தலைகீழாகத் திருப்பும்போது உள்ளே கிடக்கும் கோலிக் குண்டு கழுத்தை நோக்கி உருண்டு வந்து ரப்பர் வாஷரில் உட்காருகிறது. உள்ளே அடைபட்ட கேஸின் அழுத்தமே அதை அங்கே பிடித்துக்கொள்வதால் தனியாக மூடி தேவையில்லை. ஆனால் அதே பாட்டில் கடைக்கும் கம்பெனிக்குமாகப் பல ஆண்டுகள் போய் வருவது. மரப்பெட்டியில் ஒன்றோடொன்று உரசிக் கீறல் விழுந்த கண்ணாடி, கேஸ் ஏறும் நேரத்தில் வெடித்துவிடும். செல்லூரில் இத்தொழிலில் மூப்படைந்த ஒரு பெரியவரிடம் காலி பாட்டில் ஒன்றைக் கொடுத்தபோது, பேச்சை நிறுத்திவிட்டு அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி மெல்ல உருட்டிப் பார்த்தார். விரல் முட்டியால் இரண்டு இடத்தில் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். கழுத்துக்குக் கீழே நகத்தால் தடவினார். “இது மெஷினுக்கு ஆகாதுப்பா, தண்ணி குடிக்க வச்சுக்க” என்று திருப்பித் தந்தார். அந்தக் கீறல் என் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

எனவே, பதிவு என்பது நாற்காலியில் உட்கார வைத்து ‘அந்தக் காலம் எப்படி இருந்தது’ என்று கேட்பதாக இருக்கக் கூடாது. பாட்டிலையும் மெஷினையும் அவர்கள் முன் வைத்துவிட்டுக் கையைப் படமெடுக்க வேண்டும். முகத்துக்கு என்ன மறைப்புக் கட்டினார்கள், கண்ணாடி தெறித்தால் மருந்துச் செலவு யார் தலையில் விழுந்தது, உடைந்த பாட்டிலுக்குக் கூலியில் பிடித்தார்களா, சித்திரைத் திருவிழா நாட்களில் இரவு வேலைக்கு என்ன கிடைத்தது என்றெல்லாம் கேட்க வேண்டும். உள்ளே குண்டு கிடக்கும் பாட்டிலை அடிவரை சுத்தம் செய்வது எப்படி என்பதைக் கழுவிய பெண்களிடம்தான் கேட்க முடியும். இப்படிப்பட்ட முயற்சிகளில் அவர்கள் பெயர் முதலில் விடுபட்டுப் போவதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

சிறு வயதிலேயே வேலைக்கு வந்தவர்கள் பழைய முதலாளிகளைப் பற்றிப் பேசத் தயங்குவார்கள். எதை இப்போது வெளியிடலாம், எதைச் சில ஆண்டுகள் மூடி வைக்க வேண்டும் என்ற முடிவு சொல்பவருடையதாக இருக்கட்டும். பேச்சை எழுத்தாக்கும்போது மதுரைப் பேச்சைத் திருத்த வேண்டாம். இன்றும் கூலிக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் சம்பளத்தைக் கையில் கொடுத்துவிட்டு உட்கார வைப்பதுதான் நியாயம். பொன்னாடை அதற்கு ஈடாகாது.

இப்போது என்ன அவசரம் என்று தோன்றலாம். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து, மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்த பிறகு உள்ளூர் சோடாவுக்குப் புது மவுசு வந்தது. அது நல்லதே. ஆனால் இன்று தானியங்கி மெஷினில் நிரம்பி வரும் கோலி சோடாவின் விளம்பரத்தைப் பார்க்கிறவர்கள் பழைய தொழில் அப்படியே பிழைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். கை மெஷின் சுற்றியவர்களில் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். சிலருக்குக் காது மந்தம்.

செல்லூரில் மூடிக் கிடக்கும் ஒரு கம்பெனியின் பின்கட்டில் கை மெஷின் ஒன்று துருவேறி நிற்கிறது. பதிவுக்காக அதைத் துடைத்து இயக்கிக் காட்ட உரிமையாளர் சம்மதித்திருக்கிறார். மேற்சொன்ன பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வாஷர் மட்டும் புதிதாக வாங்க வேண்டும். தாங்கள் ஒரு நாள் குறித்துக் கொடுத்தால் மற்ற ஏற்பாடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நூலக வாசகர் ஒருவர்,
செல்லூர், மதுரை.