ஏழு இலை மட்டும் போதாது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்பதில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பேத்தி பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். பகலில் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது.

என்ன மரம் என்று நீ கேட்டதற்கு வருகிறேன். நெடுநெடுவென்ற தண்டு, அடுக்கடுக்காகக் கிளைகள், ஏழேழாக இலைகள் என்று எழுதியிருக்கிறாய். நீ அனுப்பிய படத்தில் மரத்தைவிட வானம்தான் தெளிவாக விழுந்திருக்கிறது! உன் வர்ணனைக்கு இலவமும் பொருந்தும், ஏழிலைப்பாலையும் பொருந்தும். இரண்டிலும் கிளைகள் தட்டுத் தட்டாகத்தான் விரியும். மேலும், மரத்தின் உருவத்தை நான் அதிகம் நம்புவதில்லை. வெட்டவெளியில் குடைபோல் படரும் மரமே நெருக்கத்தில் வெளிச்சம் தேடி ஒல்லியாக உயர்ந்துவிடும். கிளை வெட்டப்பட்டிருந்தால் சொல்லவே வேண்டாம்.

எண்ணிக்கையும் உதவாது. இலவத்தில் ஐந்து முதல் ஒன்பது வரை வரும். ஏழிலைப்பாலையிலும் நான்கு, ஐந்து, எட்டு என்று மாறும். எது ஓர் இலை என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்கு மொட்டைத் தேடு, பூ மொட்டை அல்ல, புதுத் தளிர் விடும் சிறு மொட்டை. இலைக்காம்பு கிளையோடு சேரும் இடுக்கில்தான் மொட்டு இருக்கும். ஓர் இலையின் பகுதியாக இருக்கும் சிற்றிலையின் அடியில் ஒருபோதும் இருக்காது. நீண்ட காம்பு ஒன்றின் நுனியில் ஏழும் விரல்களாக விரிந்து, அந்தக் காம்பின் அடியில் மட்டும் மொட்டு இருந்தால், ஏழும் சேர்ந்தே ஓர் இலை. அது இலவம். ஒவ்வொன்றும் தனித்தனிக் குட்டைக் காம்போடு கிளையைச் சுற்றி வட்டமாக அமர்ந்திருந்தால், ஏழும் ஏழு இலைகள். அது ஏழிலைப்பாலை.

பிறகு ஓர் இலையைக் கிள்ளிப் பார். ஏழிலைப்பாலை என்றால் வெள்ளைப் பால் உடனே கசியும். இலவத்தில் பால் வராது. பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள், நாக்கில் வைத்துச் சோதிக்கும் உன் பழைய வழக்கமும் வேண்டாம். ஏழிலைப்பாலை இலையின் மேற்புறம் கரும்பச்சையாய் மினுங்கும், அடிப்புறம் வெளுத்திருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், நடுநரம்பிலிருந்து மெல்லிய நரம்புகள் நெருக்கமாக, கிட்டத்தட்ட செங்குத்தாக ஓரத்துக்கு ஓடுவது தெரியும். அதைப் பார்த்தபின் வேறு சந்தேகம் எனக்கு வராது.

கிளை எட்டாவிட்டால் கீழே தேடு. மெல்லிய நீள் காய்கள் இரண்டிரண்டாகக் கிடந்தால் ஏழிலைப்பாலை. பருத்த காய் வெடித்துப் பஞ்சு பறந்தால் இலவம். இளம் இலவத்தின் தண்டில் கூம்பு முட்கள் இருப்பதும் உண்டு. இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நின்றாலும் இலவத்தின் பக்கமே சாய்வேன், ஏழிலைப்பாலை எப்போதும் பசுமையாக இருக்கும்.

செல்போன் செயலிகளை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒற்றை இலையை மட்டும் காட்டினால் அவையும் திணறும். அடுத்த முறை இலை கிளையோடு சேரும் இடத்தை நெருங்கிப் படமெடுத்து அனுப்பு. பால் வந்ததா என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்