படியில் தொங்கிய நண்பரைப் படம் எடுத்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். புகைப்படப் போட்டிக் கண்காட்சி முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், "அண்ணா, என் படத்துக்குத்தானே ஓட்டு போட்டீங்க?" என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். ஏன் என்றீர்கள். உங்கள் நண்பர்கள் கேடயத்தைத் தூக்கிப் பிடித்து நின்றிருந்தார்கள், அங்கே நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அதனால் எழுதுகிறேன். இதைப் பொதுவில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் படத்துக்கு ஓட்டுப் போட்டவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் பெயரையோ போட்டி நடந்த இடத்தையோ சொல்லப் போவதில்லை.

முதலில் படத்தைப் பற்றி. 'ஆபத்து' என்ற தலைப்பில் அங்கே மாட்டியிருந்த படங்களில் ஒளியை மிக நன்றாகக் கையாண்டது உங்கள் படம்தான். காலை வெயில் ரயில் பெட்டியின் பக்கவாட்டில் சறுக்கி வருகிறது. ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்தபடி நண்பர் உடம்பை முழுக்க வெளியே சாய்த்திருக்கிறார். தலைமுடி பறக்கிறது, முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குச் சற்று முன்னால் மின்கம்பம் ஒன்று. ஓடும் ரயிலில் இவ்வளவு துல்லியமாக ஃபோகஸ் பிடிப்பது சாதாரண வேலை இல்லை. கண் இருக்கிறது உங்களுக்கு, பொறுமையும் இருக்கிறது.

ஆனால் படத்தின் அருகில் நின்று அதை எடுத்த கதையை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நண்பர் படத்துக்காகவே தொங்கினார், எந்தக் கம்பம் வரும்போது சாய வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்தோம், சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப ஏறி இறங்கினார் என்றீர்கள். கேட்டவர்கள் வியந்து போய் ஓட்டுச் சீட்டை உங்கள் பெட்டியில் போட்டார்கள். எனக்கு அந்தக் கதையைக் கேட்ட பிறகு படத்தைப் பார்க்கவே முடியவில்லை.

2018 ஜூலை 24 அன்று பரங்கிமலை ரயில் நிலையத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். மின்கம்பிக் கோளாறால் ரயில்கள் தாமதம், அதனால் கூட்டம். சென்னை கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து திருமால்பூர் போன ரயிலின் படிகளில் தொங்கியவர்கள் தடுப்புச் சுவரில் மோதி விழுந்தார்கள். இளைஞர்கள் செத்துப் போனார்கள். வேலைக்கும் படிப்புக்கும் போகிற அவசரத்தில், உள்ளே இடம் இல்லாமல் தொங்கியவர்கள் அவர்கள். உங்கள் நண்பருக்கு உள்ளே இடம் இருந்தது. படத்திலேயே தெரிகிறது, அவருக்குப் பின்னால் பெட்டி பாதி காலி.

எச்சரித்த பிறகும் படியில் தொங்கினால் ரயில்வே சட்டத்தின் 156ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை, அதனால் அதை இத்தோடு விடுகிறேன்.

நான் சொல்ல வருவது கேமராவைப் பற்றியது. தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டும் நீளமான டெலி லென்ஸோடு தள்ளி நின்று எடுத்தால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் நெருங்கி வந்து ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும். நீங்கள் எடுத்ததும் அப்படித்தான். கம்பத்துக்கும் நண்பரின் தலைக்கும் இடையே நிஜத்தில் எவ்வளவு தூரம் என்று படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இப்போது யோசித்துப் பாருங்கள். கம்பம் உண்மையிலேயே அவ்வளவு பக்கத்தில் இருந்தது என்றால், ஒரு கேடயத்துக்காக நண்பரின் உயிரை வைத்திருக்கிறீர்கள். பக்கத்தில் இல்லை என்றால், பார்த்தவர்கள் பதறியது லென்ஸ் செய்த வேலைக்காக. இரண்டில் எது நடந்திருந்தாலும் என்னால் அந்தப் படத்துக்கு ஓட்டுப் போட முடியாது.

இரண்டாவது வகைக்குப் பேர்போன இடம் ஒன்று உண்டு. பிரேசிலில், ரியோ டி ஜெனிரோவுக்கு அருகே பெத்ரா டு டெலிகிராஃபோ என்ற பாறை. பாறை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்குவதுபோல் ஆட்கள் படம் எடுத்துக்கொள்வார்கள். கீழே கடல், பார்க்கிறவனுக்கு வயிறு கலங்கும். ஆனால் தொங்குகிறவரின் காலுக்குச் சற்றுக் கீழேயே தரை இருக்கிறது, ஃபிரேமில் அது வராதபடி எடுக்கிறார்கள். அது விளையாட்டு, யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் இதையே காலுக்குக் கீழே தரை இல்லாத இடங்களில் செய்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். 2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை செல்ஃபி எடுக்கப் போய் 259 பேர் இறந்ததாக, செய்திகளைத் தொகுத்து 2018இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் மற்ற எல்லா நாடுகளையும்விட அதிகம் பேர் இறந்தது இந்தியாவில்.

ஆபத்தைப் படம் பிடிக்க வேறு என்னதான் வழி என்று நீங்கள் கேட்கலாம். நம்மைப் போல ஆசைக்காகப் படம் எடுக்கும் அமெச்சூர்கள் இருவர் எடுத்த படங்களைச் சொல்கிறேன்.

1946 டிசம்பர் 7, அமெரிக்காவின் அட்லாண்டா நகரம். வைன்காஃப் ஹோட்டல், 15 மாடி. தீப்பிடிக்கவே பிடிக்காத கட்டடம் என்று விளம்பரம் செய்துகொண்ட ஹோட்டல். வெளிப்புறத் தீயணைப்பு ஏணி கிடையாது, தண்ணீர் தெளிப்பான் கிடையாது, இறங்குவதற்கு ஒரே ஒரு படிக்கட்டு. விடியும் முன் தீப்பிடித்து 119 பேர் இறந்தார்கள். சைரன் சத்தம் கேட்டுக் கேமராவோடு ஓடி வந்தவர் ஆர்னால்ட் ஹார்டி என்ற ஜார்ஜியா டெக் மாணவர். கையில் மிஞ்சியிருந்தது கடைசி ஃப்ளாஷ் பல்பு. மேலிருந்து ஒரு பெண் விழுவதைப் பார்த்தார், அழுத்தினார். பாவாடை காற்றில் விரிய, அந்தரத்தில் அந்தப் பெண். பலத்த காயங்களோடு அவர் பிழைத்துக்கொண்டார். 1947இல் அந்தப் படத்துக்கு அமெரிக்கப் பத்திரிகை உலகின் பெரிய விருதான புலிட்சர் பரிசு கிடைத்தது. புகைப்படத்துக்கான புலிட்சரை வாங்கிய முதல் அமெச்சூர் ஹார்டிதான். ஏபி செய்தி நிறுவனம் வேலை தருகிறேன் என்றது, அவர் போகவில்லை.

ஹார்டி அங்கே இல்லாவிட்டாலும் அந்தப் பெண் விழுந்திருப்பார். அவர் செய்ததெல்லாம் பார்த்ததும் பதிவு செய்ததும்தான். அமெரிக்கா முழுவதும் ஹோட்டல்களின் தீப்பாதுகாப்பு விதிகள் மாறியதில் அந்தத் தீவிபத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த இரவின் முகமாக மக்கள் மனத்தில் நின்றது ஹார்டியின் படம்.

இன்னொருவர் வர்ஜீனியா ஷா. 1953 மே 3, கலிபோர்னியாவின் ரெட்டிங் அருகே பிட் ஆற்றுப் பாலம். குடும்பத்தோடு மீன் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் போன லாரி பாலத்தின் தடுப்பை உடைத்துக்கொண்டு, ஓட்டுநர் இருக்கும் கேபின் மட்டும் வெளியே தொங்கியது. அவருடைய கணவரும் வேறு சிலரும் கயிறு இறக்கி உள்ளே இருந்த இருவரையும் மீட்டார்கள். ஷா கையில் இருந்தது பிரௌனி, வீட்டு விசேஷங்களுக்குப் படம் எடுக்கும் சாதாரணப் பெட்டிக் கேமரா. கயிற்றில் ஒருவர் மேலே வருவதை அதில் எடுத்தார். முதலில் அந்தப் படத்துக்குக் கிடைத்தது ஒரு நாளிதழின் வாரப் போட்டியில் 10 டாலர். அதன் பிறகுதான் 1954இன் புலிட்சர். புகைப்படத்துக்காக அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண் அவர். எனக்கு மிகவும் பிடித்த படம் இது. ஆபத்தும் அதில் இருக்கிறது, அதைப் பார்த்துக் கை நீட்டியவர்களும் இருக்கிறார்கள்.

"உங்கள் படம் சரியாக வரவில்லையென்றால், நீங்கள் போதிய அளவு பக்கத்தில் போகவில்லை" என்று போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பா சொன்னதாக எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். உங்கள் டி-ஷர்ட்டிலும் அந்த வாசகம் இருந்தது. காப்பா 1954 மே 25 அன்று வியட்நாமில் கண்ணிவெடியை மிதித்து இறந்தார். அவர் பக்கத்தில் போனது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த போருக்கு. அடகு வைத்தது தன் உயிரை. நண்பரை முன்னால் அனுப்பிவிட்டு நாம் டெலி லென்ஸோடு பிளாட்பாரத்தில் நிற்பதற்கு அந்த வாசகம் பொருந்தாது, தம்பி.

இனி ஓட்டுப் போட்டவர்களுக்கு வருகிறேன். அன்று மாலை நான் படங்களை விட்டுவிட்டு ஆட்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படத்தின் முன் சில நொடிகள்தான் நிற்கிறார்கள். உடம்பு பதறினால் ஓட்டு, பதறாவிட்டால் அடுத்த படம். அப்படி ஓட்டு வாங்கி இரண்டாவதாக வந்தது படமெடுத்து நிற்கும் நல்ல பாம்பு. பாம்பு படமெடுப்பது பயத்தில். குச்சியால் சீண்டிப் படமெடுக்க வைத்துப் புகைப்படம் எடுக்கிறவர்கள் உண்டு. அந்தப் படம் அப்படி எடுத்ததா என்று யாரும் கேட்கவில்லை. அதே வரிசையில் இருளர் ஒருவர் பாம்பு பிடிக்கும் படமும் இருந்தது. 1978இல் தொடங்கி வடநெம்மேலியில் நடக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கும் விஷம்தான் நாட்டின் விஷமுறிவு மருந்துக்குப் பெரிய ஆதாரம். படத்தில் அவர் கை நிதானமாக இருக்கிறது, பாம்பும் சுருண்டு அமைதியாக இருக்கிறது. பதற்றம் இல்லாததால் ஓட்டும் இல்லை. தினம் தினம் ஆபத்தோடு பிழைப்பு நடத்துகிறவர் அந்த இரண்டு படங்களில் எதில் இருக்கிறார்?

நான் ஓட்டுப் போட்டது கடைசி மூலையில் இருந்த படத்துக்கு. ஆரஞ்சு நிற கேஸ் டியூப். அடுப்புக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கோடு, வளைவில் வெடிப்பு விட்டு, மேலே அச்சிட்ட வருடம் பாதி அழிந்து. அந்த ரப்பர் டியூபை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும். படத்தில் இருந்தது அதைத் தாண்டி வெகுகாலம் ஆன டியூப். ஒளி சுமார்தான், ஓரத்தில் ஃபோகஸ் கூடத் தப்பியிருந்தது. ஆனால் வயதான ஓர் அம்மா குனிந்து அந்த வருடத்தைப் படித்தார். படித்துவிட்டு அங்கேயே நின்று மருமகளுக்கு போன் போட்டு, "நம்ம வீட்டு டியூப்ல என்ன வருஷம் போட்டிருக்குன்னு பாரு" என்றார். அன்று அந்த அரங்கில் ஒரு படம் ஆபத்தைக் காட்டியது என்றால் அது அந்த நிமிடத்தில்தான் என்று எனக்குத் தோன்றியது.

பார்வையாளர்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் 2009இல் முதல் பரிசு வாங்கியது, கதவைத் தாண்டிக் குதிக்கும் ஓநாய். அது பழக்கி வளர்த்த ஓநாயாக இருக்கக்கூடும் என்று பிறகு நடுவர்கள் முடிவுக்கு வந்து பரிசைத் திரும்பப் பெற்றார்கள். 2017இல் ஒரு பிரிவில் வென்ற எறும்புத்தின்னிப் படமும் அப்படித்தான், பாடம் செய்த பொம்மை என்று சொல்லி அடுத்த ஆண்டு நீக்கினார்கள். எடுத்தவர் மறுத்தார். எவ்வளவு தேர்ந்த நடுவராக இருந்தாலும் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கண்டுபிடிக்க முடியாது. எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டே ஆக வேண்டும்.

அதனால் நம் போட்டியை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன். அடுத்த முறை ஒவ்வொரு படத்தின் கீழும் அது எடுத்த விதத்தை இரண்டு வரியில் எழுதி ஒட்டட்டும். போஸ் கொடுத்து எடுத்தது என்றால் அப்படியே எழுதலாம், தப்பில்லை. ஆனால் படத்துக்காக யாரையாவது ஆபத்தில் நிறுத்தியிருந்தால் அதைப் போட்டியில் சேர்க்க வேண்டாம். ஓட்டுப் போடுகிறவர்கள் அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டுப் போடட்டும். நீங்களும் இதற்குக் குரல் கொடுத்தால் நன்றாக இருக்கும், கேடயம் வாங்கியவர் சொன்னால் கேட்பார்கள்.

அப்புறம், உங்களுக்கு ரயில் பிடிக்கும் என்று தெரிகிறது. அதே தடத்தில் கீமேன்கள் என்ற ரயில்வே ஊழியர்கள் நடக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். கையில் சுத்தியலும் ஸ்பேனருமாக, தண்டவாளத்தின் இணைப்புகளைச் சோதித்துக்கொண்டு, எதிரிலும் பின்னாலும் ரயில் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு. நாம் ஆபத்தில்லாமல் போவதற்காக அவர்கள் அந்தத் தண்டவாளத்தில் நடக்கிறார்கள். அவர்களை யாரும் நம் போட்டிக்கு எடுத்து நான் பார்த்ததில்லை. தண்டவாளத்தில் இறங்க வேண்டாம், நடைமேம்பாலத்தின் மேலிருந்தே உங்கள் டெலி லென்ஸுக்கு நன்றாகக் கிடைப்பார்கள். நிலைய அதிகாரியிடம் அனுமதி கேளுங்கள், தயக்கமாக இருந்தால் நானும் வருகிறேன். படம் எடுக்கும் முன் அவரிடம் கொஞ்சம் பேசுங்கள். எந்த வளைவில் ரயில் வருவது தெரியாது, மழைக் காலத்தில் எது கஷ்டம் என்று அவரே சொல்வார், எங்கே நிற்க வேண்டும் என்பது உங்களுக்குத் தானாகப் புரியும்.

உங்கள் நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள், பை தூக்கவும் பேச்சுத் துணைக்கும் ஆள் வேண்டும். எடுத்ததும் எனக்கு அனுப்புங்கள், போட்டி வரும்வரை வைத்திருக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்