கிளாசெட்டை எங்கே வைப்பது? உறையூர் நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் கட்டம் போட்ட தாளில் வரைந்து அனுப்பிய படமும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் நலம். கக்கூஸ் மேடையில் ஏறி இறங்க அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு தவிக்கிறார் என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. இந்த வேலையை இனிமேல் தள்ளிப்போடாதே. ஆனால் டைல்ஸ் கடைக்கும் இப்போதே போகாதே. முதலில் குழாய்க்கு வழி பார்ப்போம், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

உன் படத்தில் அறை 8 அடிக்கு 5 அடி. கதவு ஒரு முனையில், எதிர்முனையில் ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே இரண்டு படி உயர மேடை, அதில் இந்தியன் கிளாசெட். இடது பக்கத்து நீளச் சுவருக்கு வெளியே உங்கள் வீட்டுப் பக்கச் சந்து. மலக்குழாயும் கழிவுநீர்க் குழாயும் அந்தச் சந்தில்தான், ஜன்னல் பக்க மூலையை ஒட்டி இறங்குகின்றன. மேடையை இடித்துவிட்டு வெஸ்டர்ன் கிளாசெட்டைக் கதவுப் பக்கம் வலது சுவரில் வைக்கலாமா, ஜன்னல் பக்கத்தைக் குளிக்க விடலாமா என்று கேட்டிருந்தாய். குளிக்கும் இடம் ஜன்னல் பக்கம் போவது ரொம்பச் சரி. வெளிச்சமும் காற்றும் வரும், ஈரம் சீக்கிரம் உலரும். வலது சுவரில் கிளாசெட் மட்டும் வேண்டாம்.

அந்த மேடை ஏன் வந்தது என்று பார். இந்தியன் கிளாசெட்டுக்கும் அதன் டிராப்புக்கும் (நாற்றம் ஏறாமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) தரைக்குக் கீழே ஒரு அடிக்கு மேல் ஆழம் வேண்டும். அதற்காக பாத்ரூம் சிலாப்பைத் தாழ்த்திப் போடுவார்கள். 1981-இல் உங்கள் மாடியைக் கட்டியவர் சிலாப்பை அவ்வளவு தாழ்த்தவில்லை, பதிலுக்கு மேடை கட்டிவிட்டார். ஆக, உன் தரைக்குக் கீழே ஆழம் கிடையாது. இப்போது கணக்குப் போடு. கதவுப் பக்க வலது சுவரிலிருந்து மலக்குழாய் வரைக்கும் குறுக்கே 5 அடி, நெடுக்கே 6 அடி, ஆக 11 அடி. 4 அங்குலக் குழாய்க்கு 40-க்கு 1 வாட்டம் வேண்டும், அதாவது 40 அங்குல ஓட்டத்துக்கு 1 அங்குலச் சரிவு. 132 அங்குலத்துக்கு மூன்றேகால் அங்குலம் இறக்கம். குழாயின் வெளிவிட்டம் 110 மில்லிமீட்டர், அதாவது நாலேகால் அங்குலம். குழாய்க்கு அடியில் வாட்டர்புரூஃபும் படுக்கையும் ஒன்றரை, மேலே பூச்சும் டைல்ஸும் இரண்டரை. கூட்டினால் பதினொன்றரை அங்குலம். மேடையை எடுக்கப் போய் அறை முழுவதும் மேடையாகிவிடும்.

வாட்டத்தை 60-க்கு 1 ஆக்கிவிடலாம் என்று பிளம்பர் சொல்வார். அதில் மிச்சமாவது ஒரே அங்குலம். பழைய கிளாசெட்டில் வாளித் தண்ணீர் ஊற்றுவோம், குழாய் கழுவிக்கொண்டு போய்விடும். இப்போதைய ஃபிளஷ் டாங்கில் 6 லிட்டர், சின்னப் பொத்தானுக்கு 3 லிட்டர்தான். 11 அடி நீளத்தில் இரண்டு வளைவும் இருந்து வாட்டமும் குறைந்தால் கழிவு பாதி வழியில் தங்கும். டைல்ஸுக்கு அடியில் அடைத்துக்கொண்டால் உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கிளாசெட்டை இடது சுவரின் நடுவில், சந்துப் பக்கமாக வை. குழாயைத் தரைக்குள் ஓட்டாமல் சுவரைத் துளைத்து வெளியே எடுத்துவிடு. நீள் பக்கத்து 96 அங்குலத்தை இப்படிப் பிரி: ஜன்னல் பக்கம் குளிக்க 36, நடுவில் கிளாசெட்டுக்கு 36, கதவருகே வாஷ்பேசினுக்கு 24. கிளாசெட்டின் நடுக்கோடு ஜன்னல் சுவரிலிருந்து 54 அங்குலத்தில் வரும். வெளியே நாலரை அடிதான் குழாய் ஓட்டம், ஒன்றரை அங்குல இறக்கம் போதும். கிளாசெட் சுவரிலிருந்து 27, 28 அங்குலம் நீட்டும், எதிரே இரண்டரை அடி மிஞ்சும். அம்மா உட்கார்ந்து எழ அது தாராளம். கால் ஈரத்தில் படாமல் போய் வரலாம் என்பது இந்த அமைப்பின் இன்னொரு நன்மை.

இதற்கு பி டிராப் கிளாசெட் வேண்டும், பின்பக்கமாகச் சுவருக்குள் போவது. கடையில் வெறுமனே 'வெஸ்டர்ன்' என்று கேட்டால் தரைக்குள் இறங்கும் எஸ் டிராப்பைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். பெட்டியைப் பிரித்து, கழிவு வெளியேறும் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடு. பி டிராப்பில் வாயின் மையம் டைல்ஸ் போட்டு முடித்த தரையிலிருந்து பெரும்பாலும் 180 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். மாடலுக்கு மாடல் சற்று மாறும் என்பதால் கிளாசெட்டை முதலில் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, அதன் பிறகு சுவரைத் துளைக்கச் சொல். இதில் எல்லோரும் தவறுவது ஒரே இடத்தில்தான். துளையை உடைத்த தரையிலிருந்து அளந்துவிடுவார்கள். டைல்ஸ் ஏறியதும் துளை ஒன்றரை அங்குலம் தாழ்ந்து நிற்கும், கிளாசெட் வாய் அதில் உட்காராது. ஆகவே வேலை தொடங்கும் அன்றே டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்து, முடிந்த தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் நாலு சுவரிலும் மட்டக்கோடு அடிக்கச் சொல். எல்லா அளவும் அந்தக் கோட்டிலிருந்துதான்.

சந்தில் இரண்டு குழாய் இறங்குவதைக் கவனி. பெரியது மலக்குழாய், பாதாளச் சாக்கடைச் சேம்பருக்கு (மூடி போட்ட தொட்டி) நேராகப் போகும். சின்னது குளித்த தண்ணீருக்கானது, கீழே கல்லி டிராப் (தரைமட்டத்தில் தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் சிறு தொட்டி) வழியாகச் சேம்பரில் சேரும். புதுத் துளைக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று கிளாசெட்டைச் சின்னக் குழாயில் இணைக்க விட்டுவிடாதே. கல்லி டிராப்பில் மலம் தேங்கி, கீழ்வீட்டில் குடியிருப்பவர்கள் ஜன்னலைத் திறக்க முடியாமல் போகும்.

மலக்குழாய் வார்ப்பிரும்பு என்று எழுதியிருக்கிறாய். மூட்டுகளில் சணல் திணித்து ஈயம் காய்ச்சி ஊற்றியிருப்பார்கள். 40 வருஷத்துக்கு மேலான குழாயில் ஒரு கிளையை மட்டும் வெட்டிச் சேர்க்கப் போனால், சுத்தியல் அடியில் இரண்டு மூட்டு தள்ளி விரிசல் விடும். சேம்பரிலிருந்து மொட்டை மாடிக்கு மேல் வரை முழுவதையும் 110 மில்லிமீட்டர் எஸ்.டபிள்யூ.ஆர் குழாயாக (கழிவுக்கான பி.வி.சி குழாய்) மாற்றிவிடு. மலக்குழாய்க்கு டைப் பி கேள், அதன் சுவர் கனமானது. உச்சியைத் திறந்தே விட்டு, மேலே கௌல் மூடி (காற்றுப் போக இடைவெளி உள்ள மூடி) மாட்டு. காற்று உள்ளே வராவிட்டால், ஃபிளஷ் செய்யும்போது குழாய் பக்கத்து டிராப்பின் தண்ணீரை உறிஞ்சிவிடும், அறையில் நாற்றம் ஏறும். அடியில் ஒரே 90 பாகை வளைவு போடாமல் இரண்டு 45 பாகை வளைவு போடச் சொல். கிளை சேரும் இடத்திலும் அடியிலும் திறந்து சுத்தம் செய்யக் கதவு வைத்த டோர் டீ வேண்டும். ரப்பர் வளைய மூட்டில் குழாயை முழுக்க உள்ளே தள்ளி, கோடு போட்டு, 10 மில்லிமீட்டர் வெளியே இழுத்து விட வேண்டும். திருச்சி வெயிலில் குழாய் நீளும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் மூட்டு பிதுங்கும்.

அடுத்தது குளிக்கும் இடத்துத் தண்ணீர். மேடைக்கு வெளியே, இடது சுவரோரம் ஒரு சதுர அடியை உடைத்து, சிலாப் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து எழுது. 5 அங்குலம் இருந்தால் கவலையில்லை. உயரம் குறைந்த தரை டிராப்பை இடது சுவரை ஒட்டியே வைத்து, 75 மில்லிமீட்டர் குழாயில் ஒரு அடிக்குள் சந்துக்குத் தள்ளிவிடலாம். டிராப்பை அறை நடுவில் வைத்தால் குழாய்க்கு இன்னும் ஆழம் வேண்டும், அது உன்னிடம் இல்லை. டிராப்பில் 50 மில்லிமீட்டராவது தண்ணீர் நிற்க வேண்டும். உயரத்தை மிச்சம் பிடிக்க 20, 25 மில்லிமீட்டர் நிற்கும் டிராப்பை விற்கிறார்கள், ஊருக்குப் போய்வந்தால் சீக்கிரம் வற்றிவிடும். 4 அங்குலத்துக்கும் குறைவாக இருந்தால் சொல், கீழ்வீட்டு பாத்ரூம் கூரையோடு குழாயைத் தொங்கவிடுவது பற்றி யோசிப்போம். நேர் கீழே பாத்ரூம்தான் இருக்கிறதா, சமையலறையா என்பதையும் மறக்காமல் எழுது.

உடைப்பதற்கு முன்னால் கீழ்வீட்டுக்குப் போய் அந்தக் கூரையைத் தட்டிப் பார். ஓதம் ஏறி உப்புப் பூத்திருக்கிறதா, பழுப்புக் கோடு நேராக ஓடுகிறதா, பூச்சு பொத்தென்று ஒலிக்கிறதா என்று கவனி. நேர்க்கோடாகப் பழுப்பு தெரிந்தால் கம்பி துருப்பிடித்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே டைல்ஸ் போடுவது வீண். மேடையை உளியும் சுத்தியலும் கொண்டே இடிக்கட்டும், பிரேக்கர் மெஷின் வேண்டாம். உடைத்த ஜல்லியை உடனுக்குடன் இறக்கிவிட வேண்டும், அறையில் குவித்தால் பாரம்.

வாட்டர்புரூஃப் விஷயத்தில் நீயே பக்கத்தில் நில். சிலாப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவி, தூசி இல்லாமல் செய்ய வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலையெல்லாம் கலவையால் உருண்டையாக வளைத்து மெழுக வேண்டும், ஏனென்றால் செங்கோண மூலையில்தான் பூச்சு முதலில் கீறும். குழாய் வெளியேறும் இடத்தைச் சுற்றிச் சுருங்காத கிரவுட் (இடுக்கை அடைக்கும் சிமென்ட் கலவை) வைக்க வேண்டும். பிறகு பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சு இரண்டு கை. முதல் கை நெடுக்கே, காய்ந்ததும் இரண்டாம் கை குறுக்கே, மூலைகளில் நடுவே ஃபைபர் வலை. சுற்றிலும் ஒரு அடி உயரமும், குளிக்கும் இடத்து மூன்று சுவரிலும் 7 அடி உயரமும் அடிக்க வேண்டும். உன் அறைக்குத் தரை 40, ஒரு அடிச் சுற்று 26, குளிக்கும் சுவர் 66, ஆக 132 சதுர அடி. இதைச் சொல்லியே விலை பேசு, 'ஒரு பாத்ரூம் இவ்வளவு' என்று பேசாதே. பூச்சு இறுகிய பிறகு டிராப்பை அடைத்து, வாசலில் சிறு வரப்புக் கட்டி, 2 அங்குலத் தண்ணீரை 48 மணி நேரம் நிறுத்து. சுவரில் பென்சிலால் கோடு போட்டு வை. காலையும் மாலையும் கீழ்வீட்டுக் கூரையைப் பார்த்துவிட்டு வா. கொத்தனார் அவசரப்படுத்துவார், இந்த இரண்டு நாளை மட்டும் விட்டுக்கொடுக்காதே.

தரை டைல்ஸ் ஒரு அடிக்கு ஒரு அடி, சொரசொரப்பானது போதும். பெரிய டைல்ஸ் வாட்டத்துக்கு வளையாது, நடுவில் குளம் கட்டும். 80-க்கு 1 வாட்டம் வை, 5 அடி அகலத்துக்கு முக்கால் அங்குலம். சேதாரம் சேர்த்துத் தரைக்கு 44 சதுர அடி, கதவும் ஜன்னலும் போக 7 அடி உயரச் சுவருக்கு 176 சதுர அடி வாங்கு.

அம்மாவுக்கு வேண்டியதைச் சொல்கிறேன். சாதாரண கிளாசெட் உட்காரும் பலகையோடு 16 அங்குல உயரம்தான் வரும், முழங்கால் வலிக்கு 18 அங்குலம் நல்லது. பக்கத்தில் சுவர் இல்லாததால், பின்சுவரில் மாட்டி மேலே மடக்கக்கூடிய கைப்பிடி இரண்டு வை. அது 9 அங்குலச் செங்கல் சுவர், ஆங்கர் போல்ட் நன்றாகப் பிடிக்கும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் உள்ளே திறக்கும் கதவைத் தள்ள முடியாது. வாசலில் படி வேண்டாம், அரை அங்குலத் தாழ்வு போதும்.

மழை மாதிரி கொட்டும் பெரிய ஷவர் வேண்டும் என்று உன் மகள் கேட்கிறாளாமே. உங்கள் டாங்கின் அடி மொட்டை மாடியிலிருந்து 3 அடி. ஷவர் 7 அடியில் வந்தால் தண்ணீருக்குக் கிடைக்கும் உயரம் 6 அடிதான். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 பார் அழுத்தம், இதில் 0.2 பார் கூட வராது. அந்த ஷவரும் சிங்கிள் லீவர் மிக்ஸரும் (ஒரே கைப்பிடியில் சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் கலக்கும் குழாய்) சொட்டத்தான் செய்யும். பிரஷர் பம்ப் வைக்க மனமில்லையென்றால், டாங்கிலிருந்து 1 அங்குலக் குழாயைத் தனியாக இறக்கி, சாதாரண இரண்டு கைப்பிடி வால் மிக்ஸரும் ஹேண்ட் ஷவரும் போடு. அம்மாவுக்கு ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்க ஹேண்ட் ஷவர்தான் வசதி. சுவரைப் பூசி மூடுவதற்கு முன் கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் இறங்குகிறதா என்று பார்த்துவிடு.

வேலை நடக்கும் மூன்று வாரமும் அம்மாவை உன் தங்கை வீட்டில் விட்டுவிடு, தூசியும் சத்தமும் அவருக்கு ஆகாது. அந்த ஒரு சதுர அடியை உடைத்ததும் அளவை அன்றைக்கே எழுது. டிராப் எது வாங்குவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்