ஆறினால் தேறும் சோறு

அம்பத்தூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மீனா,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. ஆடிட் நேரம், அதனால்தான் பதில் இவ்வளவு தாமதம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் மாற்றலானதில் உனக்கு வருத்தமா சந்தோஷமா என்று இரண்டு முறை படித்தும் பிடிபடவில்லை. குளிர் பிடித்திருக்கிறது, பஸ் பிடிக்கவில்லை, பிள்ளைகள் பரவாயில்லை. சரி. ஆனால் ஒன்றரைப் பக்கத்துக்கு நீ புலம்பியிருப்பது மதியச் சாப்பாட்டைப் பற்றித்தான். சத்துணவுக் கூடத்தில் சாம்பார் கொதிக்கிற வாசனை மூக்கைத் துளைக்க, உன் டப்பாவில் சாம்பார் சாதம் கல்லாகிக் கிடந்தது என்று எழுதியிருந்தாயே, சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

எனக்கும் அதே பாடுதான். எங்கள் ஆபீஸ் மைக்ரோவேவ் போன தீபாவளிக்கு முன்னால் நின்றுபோனது. இன்னும் அதே மேஜையில், பழைய காலண்டர்களைத் தலையில் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. முதல் ஒரு மாதம் வழக்கம்போல சாம்பார், கூட்டு என்று கட்டிக்கொண்டு போய், ஆறிப்போச்சே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிட்டேன். அப்புறம்தான் புத்தி வந்தது. ஆறினால் கெடுகிற சாப்பாடு ஒரு ரகம், ஆறினால் தேறுகிற சாப்பாடு வேறு ரகம். நம் ஆச்சிகள் ரயிலுக்கும் கோயிலுக்கும் கட்டிக் கொடுத்ததெல்லாம் இரண்டாவது ரகம். நெல்லை எக்ஸ்பிரஸில் யாராவது சாம்பார் சாதம் பிரித்துப் பார்த்திருக்கிறாயா?

முதலில் புளியோதரை. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். நல்லெண்ணெயில் தாராளமாகத் தாளித்து, புளிக்கரைசலை ஊற்றிச் சுண்ட விடு. எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை இறக்காதே, அந்த எண்ணெய்தான் காவல். வெந்தயமும் எள்ளும் வறுத்த பொடியைக் கடைசியில் போடு. ஈரக் கரண்டி படாமல் கண்ணாடி பாட்டிலில் வைத்தால் இரண்டு வாரம் அசையாது. காலையில் சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, கொஞ்சம் மஞ்சள்தூளும் நல்லெண்ணெயும் விட்டு ஆறவைத்துக் கலக்க வேண்டும். கலந்தவுடன் வாயில் போட்டால் புளி தனியாக, சோறு தனியாக நிற்கும். மதியம் ஒரு மணிக்குத் திறந்து பார், இரண்டும் ஒன்றாகியிருக்கும். வேர்க்கடலையை மட்டும் பாட்டிலில் போட்டு வைக்காதே, நமுத்துவிடும். காலையில் வறுத்துப் போட்டுக்கொள்.

அடுத்தது தயிர்சாதம். தயிர்சாதம் கொண்டுபோனால் புளித்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறாய். தயிரை ஊற்றிப் பிசைந்தால் புளிக்கத்தான் செய்யும். பாலில் பிசை. சோற்றைச் சூட்டோடு குழைய மசித்துவிட்டு, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் ஒரு கப் சோற்றுக்கு முக்கால் டம்ளர் காய்ச்சிய பால், ஒரு ஸ்பூன் தயிர். கிட்டத்தட்டப் பால்சோறு மாதிரி தளதளவென்று இருக்கும், பயப்படாதே. ஏழு மணிக்குக் கட்டினால் ஒரு மணிக்குள் டப்பாவுக்குள்ளேயே உறைந்துவிடும். இது சென்னைக் கணக்கு. உன் ஊர்க் குளிருக்கு ஒரு ஸ்பூன் போதாது, இரண்டு ஸ்பூனாவது விடு, டப்பாவை ஒரு துணியில் சுற்றிப் பைக்குள் வை. கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய் தாளித்துக் கொட்டு. மோர்மிளகாயைத் தனியாகக் காகிதத்தில் மடித்துக்கொள். அது சோற்றோடு கிடந்து ஊறிப்போனால் சாப்பிடுவதற்கே மனசு வராது.

இனி ஒரு கூத்தைச் சொல்கிறேன். போன மாதம் அவசரத்தில் கொதிக்கக் கொதிக்க எலுமிச்சை சாதத்தை எவர்சில்வர் டப்பாவில் அமுக்கி மூடிக்கொண்டு போய்விட்டேன். மதியம் மூடி திறக்கவில்லை. உள்ளே ஆவி ஆறிச் சுருங்கி மூடியை இழுத்துப் பிடித்துக்கொண்டது. மேஜை விளிம்பில் தட்டினேன், பக்கத்து சீட் அண்ணன் ஸ்கேலை விட்டு நெம்பினார், பியூன் வந்து வெந்நீரில் வைத்துப் பார்க்கலாமா என்றார். வெந்நீர் இருந்தால் நான் ஏன் இந்தக் கதியில் இருக்கிறேன்! கடைசியில் டப் என்று திறந்தபோது மூடியின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர், சோற்றின்மேல் சொட்டிச் சொதசொதவென்று ஆகியிருந்தது. வாசனையும் சரியில்லை, கொட்டிவிட்டேன். அன்றையிலிருந்து தாம்பாளத்தில் பரப்பாமல் எதையும் மூடுவதில்லை.

இது வெறும் ருசி விஷயமும் இல்லை. சோறு கொதித்தாலும் சாகாத ஒரு கிருமியின் வித்து அரிசியிலேயே இருக்கிறது, பேசில்லஸ் சீரியஸ் என்று பெயர். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் சோறு நெடுநேரம் கிடந்தால் அது முளைத்துப் பெருகும். புளிப்பு ஏறிய சோற்றில் அதன் ஆட்டம் அவ்வளவு செல்லாது. ஆச்சிக்குக் கிருமியின் பெயர் தெரியாது, ஆனால் வழிக்கு என்றால் புளியையும் தயிரையும் விட்டு வேறெதையும் அவள் தொட்டதில்லை. நீயும் காலையில் வடித்த சோற்றையே கட்டு. ஃபிரிட்ஜில் வைத்த முந்தின நாள் சோறு வேண்டாம், சூடாக்காவிட்டால் விறைத்து மணல் மாதிரி இருக்கும்.

எலுமிச்சை சாதத்துக்கு அடுப்பை அணைத்த பிறகு சாறு பிழி, இல்லையென்றால் கசக்கும். வெண்பொங்கல் பக்கமே போகாதே, நெய் உறைந்து சிமெண்ட் ஆகிவிடும். தோசை வறட்டி. தேங்காய்ச் சட்னி சித்திரை வெயிலில் பதினொரு மணிக்கே கெட்டுவிடும், உன் ஊரிலும் நம்பாதே. நம் ஊர் உளுந்தஞ்சோறும் ஆறினால் இறுகிவிடும். அதைச் சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது.

இட்லிக்கு வழி உண்டு. எள் சேர்த்த மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவி வைத்தால் நேரம் ஆக ஆக ஊறி மெத்தென்று ஆகிவிடும். இன்னும் நல்லது காஞ்சிபுரம் கோயில் இட்லி. வரதராஜப் பெருமாள் கோயிலில் மூங்கில் கூடையில் மந்தாரை இலையைப் பரப்பி, மிளகு, சீரகம், சுக்கு போட்டு வேகவைக்கிறார்களே, அது. மந்தாரை இலைக்கு நான் எங்கே போவேன், டம்ளரில் மாவை ஊற்றி வேகவைக்கிறேன். சட்னியே வேண்டாம்.

எல்லாம் சோறும் மாவுமாக இருக்கிறதே என்று கேட்பாய். டாக்டரும் அதைத்தான் கேட்டார், எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. அதனால் ஒரு சின்ன டப்பாவில் சுண்டலோ முளைகட்டிய பாசிப்பயறோ கட்டாயம், தேங்காய் போடாமல். முட்டை என்றால் ஓட்டோடு கொண்டுபோய் அங்கே உரிப்பேன்.

பெரியவனுக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அவனுக்கும் ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் போகிறது. அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, முட்டிவலியும் அரசியலும்தான். உன் மகள் பரீட்சை எப்படி எழுதினாள் என்று ஒரு வரி எழுதக்கூடாதா?

அப்புறம், அந்தப் பக்கம் களி நன்றாக இருக்கும் என்கிறார்கள். களி ஆறினால் எப்படி இருக்கும், தேறுமா கெடுமா? சத்துணவு அம்மாவைக் கேட்டு எழுது. வைகாசியில் வருகிறேன், உனக்கும் ஒரு பாட்டில் கொண்டுவருகிறேன். போன தடவை கொடுத்த ஊறுகாய் பாட்டிலைக் கழுவி வெயிலில் காயவைத்து வை, மூடியோடு.

அன்புடன்,
செல்வி